ஹெப்ரிடீஸ் தீவுகளின் கேலிக் இசை: மேடையில் வளர்கிறது, வீட்டில் என்ன ஆகிறது?

வடகடல் (இழையைத் தொடங்கியவர்)

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், அங்கு வழங்கும் பழைய மொழியான கேலிக்கில் பாடப்படும் பாடல்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அந்த இசை அங்கே உண்மையிலேயே தழைக்கிறதா என்பதைப் பற்றி இங்குள்ளவர்களோடு விரிவாகப் பேச வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

லூயிஸ், ஹாரிஸ், வடக்கு யூயிஸ்ட், பென்பெக்குலா, தெற்கு யூயிஸ்ட், பார்ரா ஆகியவற்றோடு அவற்றை ஒட்டிய சிறு தீவுகளையும் சேர்த்தாலும் மக்கள்தொகை ஏறத்தாழ 26,000தான். இதற்குள்ளிருந்து வந்திருக்கும் பாடகர்கள், பைப் (பைக்குழல்) கலைஞர்கள், ஃபிடில் (வயலின்) கலைஞர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பார்ராவின் ஃப்ளோரா மக்னீல் தாயிடமும் உறவினர்களிடமும் கேட்டுக் கற்ற பாடல்களை 2015இல் மறையும் வரை பாடிக்கொண்டிருந்தார். வடக்கு யூயிஸ்டைச் சேர்ந்த ஜூலி ஃபௌலிஸ் இன்று உலக மேடைகளில் பாடுகிறார். லூயிஸின் ஸ்டோர்னோவே நகரில் 1996இல் தொடங்கிய ஹெப்ரிடியன் கெல்டிக் திருவிழாவுக்குக் கடல் கடந்து கூட்டம் வருகிறது.

இவை நிறைவு தருகின்றன. இருந்தும் 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் படித்தபோது மனம் கனத்தது. ஸ்காட்லாந்து முழுவதிலும் கேலிக் பேசுவோர் 2011இல் சுமார் 57,000 பேராக இருந்தார்கள். 2022இல் 69,000ஐத் தாண்டிவிட்டார்கள். ஆனால் வெளி ஹெப்ரிடீஸில், 2011இல் பாதிக்குச் சற்று மேலாக இருந்த கேலிக் பேசுவோரின் பங்கு முதல் முறையாகப் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மொழி நகரங்களில் கூடுகிறது; அது தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்ட மண்ணில் குறைகிறது.

இசைக்காக நடந்த முயற்சிகளில் தலையாயது 1981இல் பார்ராவில் பிறந்த ‘ஃபேஷ்’ முகாம் என்றே சொல்வேன். தங்கள் பிள்ளைகள் தங்கள் தீவின் பாட்டையும் ஆட்டத்தையும் அறியாமல் வளர்கிறார்களே என்று கவலைப்பட்ட பெற்றோரும், உள்ளூர்ப் பாதிரியாரும், ஆசிரியர்களும் சேர்ந்து விடுமுறைக் காலத்தில் நடத்திய பயிற்சி முகாம் அது. இன்று அதே முறையில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்ட்ஸிலும் தீவுகளிலும் நகரங்களிலும் 40க்கும் மேற்பட்ட ஃபேஷ் முகாம்கள் நடக்கின்றன. இன்றைய தொழில்முறைக் கலைஞர்களில் பலர் அங்கே முதல் வில்லைப் பிடித்தவர்கள்.

நான் கேட்க விரும்புவது இதுதான். முகாமில் அழகாக வாசிக்கும் பிள்ளை இடைவேளையில் தோழர்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறது என்றால், பாடலின் சொல் புரிந்து கேட்கும் அவை இன்னும் முப்பது ஆண்டுகளில் எங்கே இருக்கும்? இசையைக் காப்பாற்றும் வேலையும் மொழியைக் காப்பாற்றும் வேலையும் ஒன்றுதானா, இரண்டா?

யாழிசை

நல்ல கேள்வி. நான் கிளாஸ்கோவில் வசிக்கிறேன். என் மகள் கேலிக் வழிப் பள்ளியில் படிக்கிறாள், விடுமுறையில் ஃபேஷ் முகாமுக்கும் போகிறாள். இடைவேளையில் ஆங்கிலம் என்று நீங்கள் சொன்னது மறுக்க முடியாத உண்மை. ஆனாலும் வகுப்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் அந்த முகாமின் மதிப்பு விளங்கும்.

ஃபிடில் வகுப்பில் பிள்ளைகளின் முன்னால் இசைக்குறிப்புத் தாள் கிடையாது. ஆசிரியை முதலில் ஃபிடிலைத் தொடையின் மேல் வைத்துக்கொண்டு மெட்டை வாயால் பாடுகிறார். ‘புர்ஷ்ட் அ பியல்’ என்று அவர்கள் அழைக்கும் இந்த வாய்மெட்டுகளுக்குக் கேலிக் சொற்கள் உண்டு. ஆட்டத்துக்கு வாத்தியக்காரர் இல்லாத வீடுகளில் இவற்றைப் பாடியே ஆடியிருக்கிறார்கள். பிள்ளைகள் சொல்லோடு சேர்த்துத் திருப்பிப் பாடுகிறார்கள். எந்த அசை குட்டை, எந்த அசை நெட்டை, எங்கே சட்டென்று வெட்ட வேண்டும் என்பது நாவில் படிந்த பிறகுதான் வில்லை எடுக்கிறார்கள். ஒரு சொற்றொடர், அதைப் பலமுறை, பிறகு அடுத்தது. ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஆட்ட மெட்டின் அந்த வெடுக்கென்ற தாளம் கேலிக் பேச்சின் அசையிலேயே இருக்கிறது என்பதைத் தாளில் எழுதிக் காட்டிப் புரியவைக்க முடியாது. என் மகள் வாசிக்கும் அதே மெட்டை, மொழி தெரியாத, நல்ல பயிற்சி பெற்ற ஒருவர் தாளைப் பார்த்து வாசித்துக் கேட்டிருக்கிறேன். சுரம் ஒன்றுகூடப் பிசகவில்லை; நடை வேறாக இருந்தது.

ஆகவே இசையும் மொழியும் இரண்டு வேலை என்று பிரிப்பதை நான் ஏற்கவில்லை. முகாமால் மொழியைப் பேச்சுமொழியாக்க முடியாது என்பதை ஏற்கிறேன். சில நாள் முகாமிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. ஆனால் மொழியைக் கற்க ஒரு பிள்ளைக்கு ஆசை எழும் இடம் அதுதான்.

சுவடிக்காவலர்

நான் ஒலி ஆவணப் பணியில் இருப்பவன் என்பதால் இதைச் சேர்க்கிறேன். இன்று மேடையில் பாடப்படும் பாடல்களில் பெரும்பகுதி, சரியான காலத்தில் சிலர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனதால் கிடைத்தவை.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டபோது முதல் சேகரிப்பாளராகச் சேர்ந்தவர் கேலம் மக்லீன். ராசே தீவில் பிறந்தவர். கவிஞர் சோர்லி மக்லீனின் தம்பி. அதற்கு முன் அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காகவும் சேகரித்தவர். தெற்கு யூயிஸ்டிலும் பென்பெக்குலாவிலும் அவர் பதிந்த கதைகளில் சில, சொல்லி முடிக்கவே மணிக்கணக்கில் எடுப்பவை. புற்றுநோயால் 1957இல் ஒரு கையை இழந்தார். அதன் பிறகும் பதிவுக் கருவியோடு போய்க்கொண்டிருந்தார். 1960இல் தெற்கு யூயிஸ்டிலேயே இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரிடம் கதை சொன்னவர்களில் பலர் கல் உடைத்தும், நிலம் உழுதும், மீன் பிடித்தும் பிழைத்தவர்கள். அவர்களை அறிஞர்களாக மதித்து, பணிந்து உட்கார்ந்து கேட்டார் என்பதே அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அவருக்கு முன்பே மார்கரெட் ஃபே ஷா என்ற அமெரிக்கப் பெண்மணி 1929 முதல் 1935 வரை தெற்கு யூயிஸ்டின் வடக்கு கிளெண்டேலில் இரு சகோதரிகளின் வீட்டில் தங்கி, அவர்களோடு வேலை செய்தபடியே பாட்டுகளை எழுதிக்கொண்டார். பின்னர் கணவர் ஜான் லோர்ன் கேம்பெலோடு கானா தீவில் குடியேறினார். அவர்கள் திரட்டிய ஒலிப்பதிவுகளும், மேலே சொன்ன ஆய்வுப் பள்ளியின் பதிவுகளும், பிபிசியின் பதிவுகளும் ‘டோபர் அன் டூல்ஹாஷ்’ என்ற இணையதளத்தில் 2010 முதல் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. ஊர்ப்பெயரைத் தட்டினால் அந்த ஊர்க்காரர் பாடிய பாட்டு வரும். தன் கொள்ளுப்பாட்டியின் குரலை அதில் முதன்முதலாகக் கேட்டவர்கள் தீவுகளில் உண்டு.

ஆனாலும் ஆவணத்தின் எல்லையை நாங்கள் அறிவோம். ஒரு பாட்டுக்குப் பத்து வடிவங்கள் இருந்த இடத்தில், பதிவான ஒன்றிரண்டு வடிவங்களே ‘சரியான பாட்டு’ ஆகிவிடுகின்றன. இளம் பாடகர் அந்தப் பதிவில் பாடியவரின் மூச்சு நிறுத்தத்தைக்கூட நகல் எடுக்கிறார். வழங்கிக்கொண்டிருக்கும் பாட்டு அப்படி உறைந்து நிற்பதில்லை.

புதுக்கேள்வி

ஒரு சிறு ஐயம். கம்பளித் துணியை அடிக்கும்போது பெண்கள் பாடும் பாட்டுகள் என்று அடிக்கடி கேள்விப்படுகிறேன். அந்த வேலை இன்றும் நடக்கிறதா?

வடகடல்

வேலையாக நடக்கவில்லை. தறியிலிருந்து இறக்கிய துணியைச் சுருக்கி இறுக்குவதற்காகப் பழைய சிறுநீரில் ஊறவைத்து, நீண்ட பலகையின் இருபுறமும் பெண்கள் எதிரெதிராக அமர்ந்து, பலகையில் ஓங்கி அடித்து, சூரியன் செல்லும் திசையிலேயே கைமாற்றி நகர்த்துவார்கள். ஒருத்தி அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பொருளற்ற ஒலிச்சொற்களால் ஆன பல்லவியைச் சேர்ந்து பாடுவார்கள். துணி கனமாக இருக்கும் தொடக்கத்தில் மெதுவான பாட்டு, வேலை சூடுபிடித்ததும் விரைவானது, கடைசியில் கூட்டத்திலுள்ள இளம்பெண்களுக்கு ஊர் இளைஞர்களைச் சேர்த்து வைத்துக் கிண்டல் செய்யும் இட்டுக்கட்டிய பாட்டு.

அந்தப் பலகையைச் சுற்றியிருந்த அவை முழுக்கப் பெண்களுடையது. கணவனின் கொடுமை, கடலில் இறந்த சகோதரன், கைவிட்டுப் போனவன், குலச்சண்டையில் கொல்லப்பட்ட தந்தை என்று 16, 17ஆம் நூற்றாண்டுப் பெண்களின் குரல் வேறெந்த ஏட்டிலும் இல்லாமல் இந்தப் பாட்டுகளில் மட்டும் தங்கியிருக்கிறது. கேப்பர்கெய்லி இசைக்குழு 1992இல் வெளியிட்டு பிரிட்டன் தரவரிசையில் முதல் நாற்பதுக்குள் நுழைந்த கேலிக் பாட்டு இந்த வகையைச் சேர்ந்தது.

ஹாரிஸ் ட்வீட் துணியை இன்றும் தீவுவாசிகள் தங்கள் வீட்டில்தான் நெய்ய வேண்டும் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அடித்து இறுக்கும் வேலை ஆலைக்குப் போய்விட்டது. கையால் அடிப்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. இன்று விழாக்களில் செய்து காட்டுகிறார்கள். நான் தெற்கு யூயிஸ்டில் ஒரு முறை அந்தப் பலகையில் உட்கார்ந்து அடித்திருக்கிறேன். சில நிமிடங்களில் தோள் வலிக்கத் தொடங்கியது. பல்லவி வரும்போது அந்த வலி குறைந்தது. அந்தப் பாட்டுகள் ஏன் அவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது.

லூயிஸ்வாசி

நான் ஸ்டோர்னோவேயில் மருத்துவத் துறையில் பணியாற்றுகிறேன். மேடை, ஆவணம் இரண்டையும் பேசினீர்கள். இரண்டிலும் அடங்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். லூயிஸின் பிரஸ்பிட்டேரியன் (சீர்திருத்தக் கிறித்தவப் பிரிவு) தேவாலயங்களில் விவிலியத்தின் சங்கீதங்களைக் கேலிக்கில் பாடும் முறையைத்தான் சொல்கிறேன்.

வாத்தியம் எதுவும் கிடையாது. முன்னால் இருப்பவர் சங்கீதத்தின் ஒரு வரியை விரைவாக எடுத்துக் கொடுக்கிறார். அவர் முடிப்பதற்குள் சபை அந்த வரியை மெல்லப் பற்றிக்கொள்கிறது. அடிப்படை மெட்டு எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் ஒவ்வொருவரும் தம் போக்கில் கமகம் சேர்க்கிறார்கள். ஒருவர் முன்னே போகிறார், ஒருவர் பின்னே வருகிறார், ஒரு சுரத்தின் மேல் நூறு குரல்கள் சிறு சிறு வேறுபாட்டோடு அலைபோல் எழுந்து சரிகின்றன. யாரும் யாரையும் ஒழுங்குபடுத்துவதில்லை. நான் முதன்முறை கேட்டபோது என் பக்கத்தில் இருந்த முதிய பெண்மணி, மருத்துவமனையில் மூன்று சொல்லுக்கு மேல் பேசாதவர், கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு பெரிய குரலில் பாடினார்.

இதற்கு விழா இல்லை, அரசு மானியம் இல்லை, பயிற்சி முகாம் இல்லை. இருந்தும் இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம், வாரத்தில் அதற்கென்று ஒரு நாளும் ஓர் இடமும் இருந்தன. கேலிக் ஆராதனைக்கு வருவோர் குறையக் குறைய இதுவும் மெலிகிறது; வரியெடுத்துக் கொடுக்க இளைஞர் கிடைப்பதில்லை.

புதுக்கேள்வி

லூயிஸ்வாசி அவர்களே, அதே தேவாலயங்கள்தானே ஃபிடிலையும் ஆட்டத்தையும் பாவம் என்று ஒதுக்கின என்று சொல்கிறார்கள்?

லூயிஸ்வாசி

ஆம், அதை மறைக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் சமய எழுச்சிக்குப் பிறகு லூயிஸ், ஹாரிஸ், வடக்கு யூயிஸ்ட் பகுதிகளில் உலகியல் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் கடும் எதிர்ப்பு இருந்தது. கத்தோலிக்கராகவே நீடித்த தெற்கு யூயிஸ்டிலும் பார்ராவிலும் அந்த நெருக்கடி இல்லை. சேகரிப்பாளர்கள் அங்கே போய்க் குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் வடக்குத் தீவுகளிலும் பாட்டு அழிந்துவிடவில்லை. ஊர்க் கவிஞர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள், வீட்டுக்குள் பாடிக்கொண்டே இருந்தார்கள். ஒரே மதம் ஒரு பாட்டு மரபை ஒடுக்கி, இன்னொன்றை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டு போயிருக்கிறது என்பதை இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

திணைநிலம்

இதுவரை எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாப் பதிவுகளிலும் ஒரே செய்தி மறைந்திருப்பதாக எனக்குப் படுகிறது: பாட்டுக்கு ஓர் இடமும், அந்த இடத்தில் கூடும் அண்டை வீட்டாரும் இருந்த வரை அது பாதுகாப்பாக இருந்தது. மாலையில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடிக் கதையும் பாட்டுமாகப் பொழுதுபோக்கும் ‘கேய்லி’ வீடு, துணி அடிக்கும் பலகை, ஞாயிற்றுக்கிழமைச் சபை எல்லாம் அப்படிப்பட்டவை. எனவே தீவில் மக்கள் குடியிருக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இசைக் கொள்கை அதற்குப் பின்னால் வருவது.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1851இல் நிலவுடைமையாளர் கர்னல் கார்டன், தெற்கு யூயிஸ்ட், பார்ரா மக்களில் 1,500க்கும் மேற்பட்டவர்களைக் கனடாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார். விரும்பாதவர்களைத் துரத்திப் பிடித்து ஏற்றியதாகச் சாட்சியங்கள் இருக்கின்றன. 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலிக் என்ற மொழி இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அப்பள்ளிகளில் படித்த தலைமுறைகள், முன்னேற வேண்டுமானால் ஆங்கிலமும், தீவை விட்டுப் போவதும் வேண்டும் என்று கற்றுக்கொண்டன.

ஹைலண்ட்ஸ் மற்றும் தீவுகள் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, தீவுச் சமூகங்களில் கேலிக்கை அன்றாடப் பேச்சுமொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 11,000 பேர்தான் என்றும், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்றும், இப்படியே போனால் பத்தாண்டுக்குள் அந்தச் சமூகப் பேச்சு முறிந்துவிடும் என்றும் எச்சரித்தது. அதைச் சிலர் மிகையான இருண்ட சித்திரம் என்று மறுத்தார்கள். 2022 கணக்கெடுப்பு வந்த பிறகு மறுப்பது கடினமாகிவிட்டது.

அதே 2020இல் தீவு மன்றம், முதல் வகுப்பில் சேரும் பிள்ளைக்குக் கேலிக் வழிக் கல்வியே இயல்பான தெரிவாக இருக்கும், ஆங்கில வழி வேண்டுமானால் பெற்றோர் கேட்டுப் பெற வேண்டும் என்று முறையை மாற்றியது. துணிச்சலான முடிவு, பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பள்ளிக்கு ஆசிரியை வேண்டும், ஆசிரியைக்கு வீடு வேண்டும். கடற்கரை வீடுகள் விடுமுறை விடுதிகளாகின்றன. குரோஃப்ட் எனப்படும் சிறு குத்தகை நிலத்தின் உரிமைகூட உள்ளூர் இளைஞரால் வாங்க முடியாத விலைக்குப் போகிறது. பழைய கப்பல்கள் பழுதாகி, 2023 கோடையில் தெற்கு யூயிஸ்டின் லோக்பாய்ஸ்டேல் துறைக்கு வாரக்கணக்கில் படகுச் சேவையே இல்லாமல் போனது. மக்கள் வண்டிகளோடு துறைமுகத்தில் திரண்டு போராடினார்கள். சரக்கும் மருத்துவப் பயணமும் நம்பிக்கையில்லாமல் போன ஊரில் இளம் தம்பதியர் எதை நம்பித் தங்குவார்கள்?

யாழிசை

திணைநிலம் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வரிசையை மட்டும் ஏற்கத் தயங்குகிறேன். வீடு முதலில், பாட்டு பிறகு என்று வைத்தால் பாட்டு காத்திருக்காது. வெளியே போன இளைஞர்களைத் திரும்ப இழுத்து வந்தது பல வேளைகளில் இசைதான். பென்பெக்குலாவில் மரபிசைக்கென்று கல்லூரிப் படிப்பு நடந்து வந்தது. அங்கே படிக்க வந்து தீவிலேயே தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஸ்கை தீவில் 1973இல் தொடங்கிய, சபல் மோர் ஓஸ்டைக் என்ற கேலிக் கல்லூரியைச் சுற்றி ஸ்லேட் பகுதியில் மக்கள்தொகை கூடியதே, அதை எந்த வீட்டுத் திட்டம் செய்தது?

தெற்கு யூயிஸ்டின் ‘கியோலஸ்’ கோடைப் பள்ளியையும் சொல்ல வேண்டும். 1996இல் அது தொடங்கியபோது, கனடாவின் கேப் பிரெட்டனிலிருந்து ஃபிடில், பைப், கால்தாள ஆட்டம் கற்பிப்பவர்களை வரவழைத்தார்கள். கப்பலேறிப் போனவர்களின் கொள்ளுப்பேரர்கள் அங்கே காத்து வைத்திருந்ததைத் தீவுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த ஆட்டம் இங்கிருந்து போனதுதானா, அங்கே உருவானதா என்பது இன்றும் வாதத்துக்குரியது; எனக்கு அந்த வாதத்தைவிட, பகலில் வகுப்பும் இரவில் ஊரார் வீடுகளில் கேய்லியும் என்று அவர்கள் அமைத்த முறை முக்கியமாகப் படுகிறது. கற்க வந்தவர் ஊராரின் சமையலறையில் உட்கார வேண்டியிருக்கிறது.

திணைநிலம்

வரிசை பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஸ்லேட் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கல்லூரி நிலத்தோடு வந்தது, வேலையோடு வந்தது, வீடுகளோடும் வந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். கியோலஸும் இப்போது அந்த வழியில்தான் போகிறது. டலிப்ரோ ஊரில் கல்லூரியோடு சேர்ந்து நிலையான கட்டடம் எழுப்பி, ஒரு வாரக் கோடைப் பள்ளியாக இருந்ததை ஆண்டு முழுவதும் வேலை தரும் இடமாக்கியிருக்கிறார்கள்.

தெற்கு யூயிஸ்டுக்கு இன்னொரு நற்பேறும் உண்டு. 2006இல் சுமார் 93,000 ஏக்கர் கொண்ட அந்த எஸ்டேட்டை ஊர் மக்களின் நிறுவனமே விலைக்கு வாங்கிவிட்டது. 1851இல் ஒருவர் முடிவெடுத்து ஊரைக் காலி செய்த அதே நிலம். எந்த இடத்தில் யாருக்கு வீடு என்று முடிவெடுக்கும் வாய்ப்பு இன்று அங்கே வாழ்பவர்களிடம் இருக்கிறது.

வடகடல்

என் தொடக்கக் கேள்விக்கு இவ்வளவு கனமான மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இசையும் மொழியும் ஒரே வேலை என்பதை யாழிசை சொன்ன வாய்மெட்டு வகுப்பே எனக்கு விளக்கிவிட்டது.

இனிப் பேச வேண்டியது 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய மொழிகள் சட்டத்தைப் பற்றி என்று நினைக்கிறேன். கேலிக்குக்கு அதிகாரபூர்வ மொழி என்ற தகுதியை அது தருகிறது. கேலிக் செறிவாக வழங்கும் பகுதிகளை மொழிச் சிறப்புப் பகுதிகளாக அறிவிக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு வழி செய்கிறது. அந்த அறிவிப்பு பெயர்ப்பலகையோடு நிற்குமா, வீட்டு அனுமதியையும் படகுச் சேவையையும் ஃபேஷ் முகாம்களின் ஆண்டு மானியத்தையும் தொடுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திணைநிலம் அவர்களே, அயர்லாந்தில் ஐரிஷ் மொழி வழங்கும் கேல்டக்ட் பகுதிகள் இதே வழியில் பல பத்தாண்டுகள் நடந்து பார்த்தவை. அங்கே வீடு கட்டும் அனுமதிக்கு மொழித் தகுதியை நிபந்தனையாக வைத்த ஊர்களைப் பற்றி நீங்கள் விரிவாக எழுத வேண்டும். அந்த அனுபவத்திலிருந்து யூயிஸ்டுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை வைத்து இழையைத் தொடரலாம்.